இருமிச் சமாளிக்க முடியாத ஒரு சொல்

இதை எழுதித் தரும்படி கேட்டவர் எங்கள் நர்சிங் சூப்பிரண்டு மேடம். பிள்ளைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, வேலையை விட்டுப் போகிறவள் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம். அவர் மனதில் இருந்தது கை கழுவுவது, நேரத்துக்கு வருவது, நோயாளியின் உறவினர்களிடம் முகம் சுளிக்காமல் பேசுவது போன்றவையாக இருக்கும். அவற்றை ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் வாசித்திருப்பீர்கள். வாசிக்காவிட்டாலும் பாதகமில்லை, ஒட்டியவர்களும் வாசிக்கவில்லை.

பணி அனுபவம் எழுத நான் ஓய்வு பெற்றவள் அல்ல. முப்பத்தொரு வயது. மகளுக்கு ஒன்றரை வயதாகிறது, அவளைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுகிறேன். விடுவது சரிதானா என்று தினமும் காலையில் ஒரு தடவை யோசிக்கிறேன், சாயங்காலம் ஒரு தடவை மாற்றி யோசிக்கிறேன். இதை எழுதுவது சரிதானா என்றும் அப்படியே யோசித்தேன். ஆனால் இந்த வார்டில் நீங்கள் முதலில் பயப்படப்போவது ஊசிக்கோ, ரத்தத்துக்கோ, அழுகிற பிள்ளைக்கோ அல்ல. ஒரு சொல்லுக்குத்தான் பயப்படுவீர்கள். அதை யாரும் சுவரில் ஒட்டமாட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் களக்காட்டுப் பக்கம் தமிழ் வழியில் படித்தவள். பாளையங்கோட்டைக்கு நர்சிங் படிக்க வந்தபோது ஆங்கிலம் என் கண்ணுக்குத் தெரிந்த மொழியாக இருந்தது, காதுக்குத் தெரியாது. வகுப்பில் பாதி புரியவில்லை. அதனால் விடுதியில் உட்கார்ந்து பாடப்புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். தெரியாத ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி மனதுக்குள் ஒரு மாதிரி உச்சரித்துக்கொண்டேன். அது தவறு என்று சொல்ல யாரும் இல்லை, ஏனென்றால் நான் அதை வெளியே சொல்லவே இல்லை. இப்படி வருடக்கணக்காக மனதுக்குள் வளர்த்த சொல் ஒருநாள் வாய் வழியாக வெளியே வரும்போதுதான், அந்தப் பெயரில் ஊரில் யாருக்கும் அதை அடையாளம் தெரியவில்லை என்பது தெரிகிறது.

எனக்கு அது தெரிந்தது வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில். இங்கே காலை ரவுண்ட்ஸ் எப்படி நடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். பெரிய டாக்டர் முன்னால் வருவார். அவருக்குப் பின்னால் நாலைந்து ஜூனியர் டாக்டர்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நின்று, என்ன நோய், ராத்திரி எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நெஞ்சில் சளி கட்டினால் ஸ்டெதஸ்கோப்பில் கொரகொரவென்று கேட்குமே, அதற்கு ஒரு பெயர் உண்டு. எழுத்துக்கூட்டினால் 'ரோஞ்சி' என்று வருகிறது. நானும் இரண்டு பக்கமும் ரோஞ்சி இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேன்.

பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும்மா அந்த ரோஞ்சி? புது அட்மிஷனா?"

அதை 'ராங்கை' என்று சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து நான் ரோஞ்சி. ஜூனியர் டாக்டர்கள் வருடாவருடம் மாறினார்கள், போகிறவர்கள் வருகிறவர்களிடம் அந்தப் பெயரை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கேண்டீன் அண்ணாச்சி கூட, "ரோஞ்சி சிஸ்டர், டீயா காப்பியா?" என்று கேட்பார். அவருக்கு அது நான் ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயர் என்று நினைப்பு. நான் கோவிலுக்குப் போகிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். "எந்தக் கோயிலுக்குப் போனா என்னம்மா, நல்ல பேரு" என்றார்.

என்னோடு சேர்ந்த ராதாபுரத்துக்காரி ஒருத்தி, புண்ணில் படிந்த கழிவைச் சுத்தம் செய்ததைப் பற்றிச் சொல்லும்போது 'டெப்ரிஸ்' என்றாள். கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாதாம். எழுதுவானேன், சொல்லாமல் விடுவானேன் என்று அவள் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குள் டெப்ரிஸ் ஆகிவிட்டாள். கல்யாணப் பத்திரிகை வைத்தபோதுதான் அவளுடைய உண்மைப் பெயர் வார்டில் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

இதற்கு ஒரு மருந்து இருந்தது. அப்போது வார்டின் இன்சார்ஜ் ஆக இருந்த அக்கா அதை எனக்குச் சொன்னார். நான் குளியலறையில் அழுதுவிட்டு வந்து முகம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலை.

"ஏட்டி, சொல்லத் தெரியலன்னா எதுக்குச் சொல்லுத?"

"பொறவு எப்படிக்கா ரிப்போர்ட் குடுக்கது?"

"இருமு."

"என்னக்கா?"

"மொதல் எழுத்தச் சொல்லு. பொறவு இருமு. மிச்சத்த அவியளே சொல்லிக்கிடுவாவ. அடுத்தவனுக்குச் சொல்லிக்குடுக்கதுல அவியளுக்கு அப்படி ஒரு ஆசை."

கேலிக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ரவுண்ட்ஸில் அக்காவைக் கவனித்தேன். நாக்கில் நிற்காத ஒரு நோயின் பெயர் வந்தது. அக்கா முதல் எழுத்தைச் சொன்னார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மரியாதையாக இருமினார். பெரிய டாக்டர் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லி, அதன் லத்தீன் வேரையும் ஜூனியர்களுக்கு விளக்கிவிட்டு மகிழ்ச்சியாக அடுத்த கட்டிலுக்குப் போனார். இத்தனை வருட அனுபவத்தில் அக்காவை யாரும் பட்டப்பெயர் வைத்து அழைத்ததில்லை. காரணம் அப்போது புரிந்தது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் வார்டில் பிள்ளைகளைவிட நாங்கள் அதிகமாக இருமினோம். ஒருமுறை தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து பார்வையிட வந்தவர், இந்த வார்டு நர்ஸ்கள் எல்லாருக்கும் சளிப் பரிசோதனை செய்தால் நல்லது என்று எழுதிவிட்டுப் போனார். செய்தார்கள். எல்லாருக்கும் நுரையீரல் சுத்தமாக இருந்தது.

கைபேசியில் சொல்லைத் தட்டினால் அதுவே உச்சரித்துக் காட்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்து பார்த்திருக்கிறேன். அதில் ஒரு அமெரிக்க அம்மா பேசுவாள். அவள் சொன்னபடியே வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பழகிக்கொண்டு வந்து ரவுண்ட்ஸில் சொன்னேன். இந்தத் தடவை யாருக்கும் புரியவே இல்லை. பெரிய டாக்டர் அதை ஒரு மாதிரி சொன்னார். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற நிபுணர் இன்னொரு மாதிரி சொல்வார். அவர்கள் இரண்டு பேரும் சந்திக்கும் நாளில் யார் சொல்வது சரி என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் சொல்வது உச்சரிப்பு, நர்ஸ் சொல்வது பிழை. இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மற்றபடி அகராதி தேவையில்லை.

ஆக, இருமல் நல்ல மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. கேட்கிறவருக்கு முன்பே தெரிந்த சொல்லைத்தான் இருமிச் சொல்லலாம். அவருக்கு இன்னும் தெரியாத ஒன்றை நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், இருமல் வெறும் இருமல்தான். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

மகள் பிறந்து விடுப்பு முடிந்து நான் வார்டுக்குத் திரும்பியிருந்த சமயம். வீட்டில் அவள் புட்டிப்பாலைத் துப்பிக்கொண்டிருந்தாள், இங்கே நான் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பெரிய நோயைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்பும் பெற்ற பிள்ளையும் ஒன்றாகச் சேர்ந்தால் தலைக்குள் அப்படி ஒரு கடை திறந்துவிடும். அந்த மாதத்திலேயே இரண்டு தடவை தவறாகப் பதறியிருந்தேன். ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலோ என்று டாக்டரை ஓடி அழைத்து வந்தேன், அது தூக்கத்தில் கழுத்து பிடித்துக்கொண்ட பிள்ளை. இன்னொன்றைச் சொல்லவே வேண்டாம். "ரோஞ்சிக்குப் பிள்ள பொறந்ததுலருந்து நமக்கெல்லாம் வேல கூடிட்டு" என்று டெப்ரிஸ் சொன்னாள். கோபம் வரவில்லை. உண்மைதானே.

அன்று காலை நான் டியூட்டிக்கு வந்தபோது மூன்றாவது கட்டிலில் ஒரு புதுப் பிள்ளை இருந்தான். ஒன்பது மாதப் பையன். வி.கே.புரம் என்று நாம் சொல்லும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து முந்தின நாள் வந்து சேர்ந்தவர்கள். அப்பா மில்லில் வேலை, ஷிப்டுக்குப் போய்விட்டார். கூட இருந்தது அம்மா மட்டும், இருபத்துமூன்று வயது இருக்கும். வாந்தி, கொஞ்சம் வயிற்றுப்போக்கு. வயிற்றில் கிருமி என்று எழுதி டிரிப் ஏற்றியிருந்தார்கள். வார்டில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான்.

அவன் அழத் தொடங்கியபோது நான் அடுத்த கட்டிலில் இருந்தேன். பசிக்கு அழுகிற அழுகை இல்லை. திடீரென்று வீறிட்டான், இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டான், முகம் வெளுத்துப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றது. துவண்டு தூங்கிவிட்டான். அம்மா அவன் வாயைத் திறந்து ஈறைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பல்லு மொளைக்குல்லாக்கா. அதான் படுத்துதான்."

"ராத்திரியும் இப்படித்தான் அழுதானா?"

"நேத்து சாயந்தரத்துலருந்தே இப்படித்தான் அழுவுதான், பொறவு செத்த நேரம் ஒறங்குதான். திரும்பவும் அழுவுதான். எய்யா, ராசா, ஒறங்குப்பா."

மறுபடி அழுதான். மறுபடி கால்கள் மடங்கின. அவன் வீறிட்டபோது என் சீருடைக்குள் பால் கசிந்தது. அது யார் பிள்ளை என்று உடம்புக்குத் தெரியவில்லை. விடுதியில் வாசித்த பக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கியின் குழாய் ஒன்றுக்குள் ஒன்று செருகுவது போல நுழைந்துகொள்ளும். விட்டு விட்டு வலிக்கும். இடையில் பிள்ளை அமைதியாக இருக்கும், பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நேரம் போனால் குடல் அழுகும். அந்தப் பக்கத்தின் படமே கண்ணில் நின்றது. நோயின் பெயரும் எழுத்து எழுத்தாக நின்றது. அதில் எஸ் என்ற எழுத்து எத்தனை வருகிறது என்றுகூடத் தெரியும். எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியாது. அதை யாரும் என் காதுபடச் சொன்னதில்லை.

எனக்கு நிச்சயமில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பேசுவது படிப்பா, பாலா என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தில் போட்டிருந்த ரத்தம் கலந்த மலம் இவனுக்கு இல்லை. மாதத்தில் மூன்றாவது தடவை ஓடினால், பிறகு நான் என்ன சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்துவிட்டது.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். பார்க்க அழகாக, சாதுவாக. நான் வாந்தியைச் சொன்னேன், டிரிப்பைச் சொன்னேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, இது ஒருவேளை அதுவாக இருக்குமோ டாக்டர் என்று அந்தச் சொல்லைச் சொன்னேன். "இன்டு... சுசு... சுசெப்சன்" என்று என்னவோ வந்தது. எத்தனை சு போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

பின்னால் நின்ற ஜூனியர் ஒருவர், "பையன் சுசு போகலையா சிஸ்டர்?" என்றார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. இன்சார்ஜ் அக்கா தரையைப் பார்த்தார். பெரிய டாக்டரும் சிரித்தார், அவர் சிரித்தது கெட்ட சிரிப்பு இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்.

"ஒவ்வொரு துண்டா சொல்லணும் சிஸ்டர். இன். டஸ். ஸஸ். ஸெப். ஷன். எங்க, எல்லாரும் சொல்லுங்க."

எல்லாரும் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல, அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு இரண்டு தடவை சொன்னார்கள். நானும் சொன்னேன். சரியாகவே வந்தது. "வெரி குட்" என்றார் டாக்டர். தூங்குகிற பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். "டிரிப் போகட்டும்" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். அவர் அந்தச் சொல்லைக் கேட்டார். அந்த நோய் என்ன என்று அவருக்கு என்னைவிட நூறு மடங்கு தெரியும், அதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சரிசெய்தவர். அந்தச் சொல் இந்தப் பிள்ளையைப் பற்றியது என்பது மட்டும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது. சொல்லைத் திருத்தி முடித்ததும் வேலை முடிந்த திருப்தி எல்லாருக்கும் வந்துவிட்டது. எனக்கும்கூட, ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, 'வெரி குட்' கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

அப்போது பிள்ளையின் அம்மா என் கையைத் தொட்டாள். அவள் முகத்திலும் சிரிப்பு.

"எக்கா, ஒண்ணும் இல்லதான?"

"ஏன் அப்படிக் கேக்க?"

"டாக்டர்மாரெல்லாம் சிரிச்சிட்டுப் போறாவல்லா. நோவு பெருசா இருந்தா சிரிப்பாவளா? நான் ராத்திரி பூரா பயந்துட்டுக் கெடந்தேன்." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ஒறக்கத்துலயே கொஞ்சம் பால் குடுத்துருதேன். நேத்துலருந்து சரியாக் குடிக்கல."

எங்கள் சிரிப்பை அவள் மருத்துவ அறிக்கையாக வாசித்திருந்தாள். "இப்பக் குடுக்காண்டாம், செத்த பொறு" என்றேன். அதற்குள் அவனே எழுந்துவிட்டான். அதே வீறிடல், அதே முழங்கால்கள். இந்தத் தடவை வாந்தியும் எடுத்தான். அம்மாவின் சேலையில் விழுந்தது பச்சையாக இருந்தது.

பச்சை வாந்தி என்றால் அடைப்பு என்று நினை என்பதை உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பார்க்கிறேன், ரவுண்ட்ஸ் ஆறாவது கட்டிலில் இருக்கிறது. அங்கே ஜூனியர்களுக்குப் பாடம் நடக்கிறது. வார்டு முடிந்ததும் டாக்டர் நேராக ஓ.பி.க்குப் போவார். அங்கே கூட்டம் தெரு வரை நிற்கும். மத்தியானம் வரை அவரைப் பிடிக்க முடியாது. நான் ஆறாவது கட்டிலுக்குப் போவதைப் பார்த்து இன்சார்ஜ் அக்கா என்னைப் பாதி வழியில் மறித்தார்.

"ஏட்டி, விடு. ஒருக்கா சொல்லிட்டல்லா. டியூட்டி டாக்டர் வரட்டும், பைய சொல்லிக்கிடலாம்."

"பச்சையா வாந்தி எடுக்கான்க்கா."

அக்காவுக்கும் அது புரிந்தது. வழியை விட்டார். கூட வரவில்லை. அவருக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொஞ்சம் சொல்வேன்.

"சார்," என்றேன். யாரும் திரும்பவில்லை. "சார், மூணாவது பெட். அது இன்டுசு..." என்று தொடங்கினேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் எல்லாரோடும் சேர்ந்து சரியாகச் சொன்ன சொல், மறுபடி விடுதிக் காலத்துச் சொல்லாகவே வந்து நின்றது. பின்னால் சிரிப்பு கிளம்பியது.

"சிஸ்டர், இப்பதான் கரெக்ட் பண்ணேன்," என்றார் டாக்டர்.

நான் தைரியசாலி இல்லை. மகள் தும்மினால் மூன்று பேரிடம் கேட்கிறவள். அந்த நேரத்தில் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"சொல்லத் திருத்துனிய சார். பிள்ளையப் பாக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவரிடம் வார்டில் அதுவரை ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது வந்த பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. "குடலு குடலுக்குள்ள சொருவிக்கிட்டோன்னு பயமா இருக்கு. காலை மடக்கி மடக்கி அழுவுதான், பொறவு துவண்டு போறான். இப்பப் பச்சையா எடுத்துட்டான். எனக்கு உறுதியாத் தெரியல சார். நான் சொல்லுதது தப்பா இருந்தா நாளைக்கு என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இப்ப வந்து வயித்த ஒருக்கா தொட்டுப் பாருங்க."

அவர் முகம் சிவந்தது. என்ன சொல்லப்போகிறார் என்று தெரியவில்லை. ஆனால் அவர் நல்ல டாக்டர். கோபத்தோடேயே நடந்து வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அழுகிற பிள்ளையின் வயிற்றில் வலது பக்கம் வைத்தார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன. அதற்குப் பிறகு அவர் முகத்தில் கோபமும் இல்லை, நானும் இல்லை, யாருமே இல்லை. கை மட்டும்தான் இருந்தது.

"ஸ்கேன். இப்பவே. சர்ஜனுக்குச் சொல்லிடுங்க."

பிறகு நடந்தவை நீங்கள் தினமும் பார்க்கப்போகிறவை, விவரிக்க மாட்டேன். பிள்ளையை ஸ்கேன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா கைபேசியை என் காதில் வைத்தாள். மறுமுனையில் மில்லில் இருந்து அவள் புருஷன். "என்ன நோயாம் சிஸ்டர்?" என்று கேட்டார். இயந்திரச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. "குடல் சொருவிக்கிட்டு. எடுத்து விடப் பாக்காவ. முடியலன்னா ஆப்பரேசன். வெரசா வாங்க," என்று கத்தினேன். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அந்த நோயைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரே தடவையில் புரிந்த பேச்சு அதுதான்.

ஆப்பரேஷன் தேவைப்படவில்லை. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கீழிருந்து உப்புநீர் செலுத்தி, உள்ளே போன குடலை வெளியே தள்ளிவிட்டார்கள். இன்னும் நேரமாகியிருந்தால் அந்த வழி கிடையாது, வயிற்றைக் கிழித்துக் குடலில் ஒரு துண்டை எடுத்திருக்க வேண்டும் என்று சர்ஜன் சொன்னார். எவ்வளவு நேரம் ஆகியிருந்தால் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் சில நாள் கேட்டிருக்கலாமோ என்று தோன்றும், பிறகு கேட்காததே நல்லது என்று தோன்றும்.

இதிலிருந்து நிர்வாகம் என்ன பாடம் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தாமதத்தைக் கருத்தில் கொண்டு, நர்ஸ்கள் அனைவருக்கும் சனிக்கிழமைதோறும் ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி. டை கட்டிய ஒரு தம்பி வந்தார். நாக்கை எங்கே வைக்க வேண்டும், உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும் என்று கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பழக்கினார். ஹோட்டலில் மேசை பதிவு செய்வது எப்படி, விமானத்தில் சன்னல் பக்க இருக்கை கேட்பது எப்படி என்றெல்லாம் பேசிக் காட்டினோம். பேருந்தில் சன்னல் ஓரம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தவர்கள் நாங்கள். முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள், என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. கேட்பதற்கு ஒரு பயிற்சி வைக்கலாம், அதற்கு டாக்டர்களைக் கூப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நானும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அப்படிப் பேச எனக்கு வராது.

அதனால் உங்களைத் தைரியமாக இருங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் சொல் தப்பாகத்தான் வரும். சிரிப்பார்கள். பட்டப்பெயர் வைப்பார்கள், அது ஒட்டிக்கொள்ளும். தெரிந்த சொல்லுக்கு இருமிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. யாராவது உங்கள் சொல்லைத் திருத்தினால் நன்றி சொல்லுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும். நன்றி சொன்ன கையோடு அந்த இடத்தை விட்டு நகராமல் நில்லுங்கள். திருத்தியவர் பிள்ளையைத் தொட்டாரா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லுங்கள், இன்னும் தப்பாகச் சொன்னாலும் சரி. நீங்கள் சந்தேகப்பட்டது பொய்யாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த மூன்றாவது தடவையும் எனக்குப் பொய்யாகப் போயிருக்கலாம். அப்போதும் போய்ச் சொல்லியிருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் நான் மாற்றி மாற்றி யோசிப்பேன், இதில் இதுவரை மாற்றவில்லை.

அந்தப் பையனின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே பெரிய டாக்டர் தனியாக வந்தார். ஸ்கேன் மறுபடி எடுத்திருந்தார்கள், குடல் சரியாக இருந்தது. பிள்ளைக்கு இன்னும் வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை. அவன் பசியில் என் சீருடைப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். அப்பாவும் வந்திருந்தார், மில் பஞ்சு தலைமுடியில் அப்படியே ஒட்டியிருந்தது.

வழக்கமாக வீட்டுக்காரர்களிடம் விளக்கிச் சொல்லும் வேலையை டாக்டர் எங்களிடம் விட்டுவிடுவார். அவர் வெளி மாநிலத்தில் ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர், பேச்சுத் தமிழைத் தாண்டினால் தடுமாறுவார். அன்று அவரே சொன்னார். எங்கேயோ தமிழ்த் துண்டறிக்கையில் வாசித்து வைத்திருந்திருக்கிறார் போலிருக்கிறது.

"உங்க கொளந்தைக்கு வந்தது... குடள் செருகள்," என்றார். ஒவ்வொரு எழுத்திலும் கால் வைத்துப் பார்த்து நடந்தார். லகரம் ளகரமாகி, ழகரம் எங்கேயும் இல்லாமல் போயிருந்தது.

டெப்ரிஸ் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. நியாயப்படி எங்களுக்கு வருடக்கணக்கில் பாக்கி இருந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அவள் காதில் எந்தப் பிழையும் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வருமா சார்?"

"வரலாம். கொஞ்சம் பேருக்கு வரும். இதே மாதிரி காலை மடக்கி அழுதா உடனே கொண்டு வரணும்."

"எந்நேரம்னாலும் கொண்டு வாரேன் சார்." அவள் என்னிடம் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "இப்பப் பால் குடுக்கலாமா?"

டாக்டர் சம்மதமாகத் தலையாட்டி, அதற்கும் தமிழிலேயே ஏதோ பதில் சொன்னார். சரியாகச் சொன்னாரா, தப்பாகச் சொன்னாரா, நான் கவனிக்கவில்லை. பிள்ளை குடிக்கத் தொடங்கியிருந்தான்.